கெச்சில் என்றொரு கட்டளை

போன வாரம் என் மகள் கோலாலம்பூரிலிருந்து தன் கல்யாணப் படங்களை அனுப்பியிருந்தாள். தனித்தனியாக இல்லை, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருக்கிக் கட்டி. எப்படித் திறப்பது என்று கேட்கக் கூப்பிட்டேன். "அதுமேல ஒரு அமுக்கு அமுக்குங்கம்மா, தானா விரிஞ்சிரும்லா," என்றாள். அமுக்கினேன். இமைப்பதற்குள் அத்தனை படமும் வந்து விழுந்தன. நியாயமாக மணமக்களைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது, கட்டி வந்த அந்தக் கோப்பு அழிந்துவிட்டதா, அப்படியே இருக்கிறதா என்று. இருந்தது. அதற்கப்புறம்தான் மகளின் முகத்தைப் பார்த்தேன். பழக்கம் அப்படி.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்கு எலுமிச்சை விளக்குக் கொண்டுபோகும் இந்த அம்மாள், ஒரு காலத்தில் இப்படிக் கோப்புகளைச் சுருக்கும் நிரல் எழுதியவள் என்றால் என் மருமகனே நம்பவில்லை. முழுவதையும் நான் எழுதவில்லை. பாதிதான். அதுவும் சுலபமான பாதி. மற்ற பாதியை எழுதியவளைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஆபீஸ் ஈப்போவின் பழைய டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே காப்பிக்கொட்டை வறுக்கும் கடை. காலை பத்து மணிக்கு மேல் வெண்ணெயும் சீனியும் கருகுகிற மணம் பலகைத் தரையின் இடுக்கு வழியாக ஏறி வரும். தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் கூட வரும். ஆனால் அந்த ஆபீஸை நினைத்தால் எனக்கு முதலில் வருவது காப்பி மணம் அல்ல. ரப்பர் தோட்டங்களிலிருந்து வரும் டிஸ்கெட்டுகளின் நாற்றம். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்கள் தங்கள் ஆட்களின் சம்பள விவரத்தை டிஸ்கெட்டில் பதிந்து, பிரவுன் உறையில் போட்டு, பஸ்ஸில் அனுப்பும். உறையைப் பிரித்தால் புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டின் வாடை குப்பென்று வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து என்னைத் தூக்கும்போது அவள் சட்டையில் இருந்தது அந்த வாடைதான்.

நான் பிறந்தது அங்கே, ஒரு தோட்டத்து லயத்தில். எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு ஈப்போ நகராண்மையில் கூலி வேலை கிடைத்து நாங்கள் புந்தோங்குக்குக் குடிவந்தோம். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தேன். எதற்கென்று கேட்டால் எனக்கே தெரியாது. டைப்பிங் வகுப்பில் இடமில்லை என்றார்கள், பக்கத்து அறையில் இடம் இருந்தது. அப்படித்தான் என் தொழில் முடிவானது. எங்கள் முதலாளி, ஆபீஸில் எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடும் சீனர், தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் தொழில் நடத்தினார். முதலில் எண்களைத் தட்டி ஏற்றும் வேலை. பிறகு, தப்பு அதிகம் செய்யாததால், நிரல் எழுதும் மேசைக்கு மாற்றினார்.

அந்த மேசையில் எனக்கு முன்பே இருந்தவள் புஷ்பராணி. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். சிலோன் தமிழர்கள், அப்பா ரயில்வேயில் பெரிய வேலை, தமையன் ஆஸ்திரேலியாவில். பினாங்கில் பட்டம் படித்தவள். பருத்திச் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டி, நிமிர்ந்து, நேரே பார்த்து நடப்பாள். பக்கத்தில் யார் நின்றாலும் திரும்ப மாட்டாள். காலையில் வணக்கம் சொன்னால் பாதி நாள் பதில் வராது. தலைக்கனம் பிடித்தவள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். நானும்தான் பேசினேன்.

சேர்ந்த முதல் வாரம், புந்தோங்கிலிருந்து ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கிப் போயிருந்தேன். எங்கள் பக்கத்து வறுத்த கடலைக்கு ஊர் முழுக்கப் பேர். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அவள் நாற்காலிக்குப் பக்கவாட்டில் போய் நின்று, "அக்கா, எடுத்துக்குங்க," என்று மெதுவாகச் சொல்லி நீட்டினேன். காற்றாடி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்டிருக்காது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீட்டியபடியே இருந்தது. பிறகு நானே கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தோட்டத்துப் பெண் கையால் வாங்கினால் கௌரவம் குறைந்துவிடும் போல என்று அன்று அம்மாவிடம் சொல்லி ஆத்திரப்பட்டேன். அதற்கப்புறம் பல மாதம் வேலை விஷயம் தவிர அவளோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பெருமழை. ஆபீஸ் விடும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்ததால் எல்லோரும் தட்டுத் தடுமாறாமல் மாடிப்படி இறங்கிப் போனோம். பாதித் தெருவில் குடையை மறந்தது நினைவு வந்து திரும்பி ஏறினேன். புஷ்பராணி அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். மேசை விளிம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். காலை எங்கும் நகர்த்தவில்லை. நான் அவளுக்கு நேர் எதிரேதான் நின்றேன்.

"ஆரது?" என்றாள்.

"நான்தான்க்கா."

மேசையைப் பிடித்த கையை எடுத்து முன்னால் நீட்டினாள். பிறகு, "கொஞ்சம் என்ர கையைப் பிடியும்," என்றாள்.

பிடித்தேன். சில்லென்று இருந்தது. படியிறங்கி, கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் ஒரு தூணோரம் நின்று, மழைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் சொன்னாள். மங்கல் வெளிச்சத்தில் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. பகலிலும் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம் மட்டும். அந்த வட்டம் ஒவ்வொரு வருடமும் சிறுத்துக்கொண்டு வருகிறது. கோலாலம்பூரில் டாக்டர் மருந்தில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டில் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

எனக்குக் கடலைப் பொட்டலம் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை. என்னிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். "உமக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரையும் தெரியாதே," என்றாள். கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அது உண்மை. அவள் பொய் சொல்லாமல் பதில் சொன்னது எனக்குப் பிடித்தும் இருந்தது. அன்றிலிருந்து சாயங்காலம் பஸ் நிலையம் வரை நாங்கள் கைகோத்துக்கொண்டு போனோம். பார்ப்பவர்களுக்குத் தோழிகள். சில மாதத்தில் உண்மையாகவே தோழிகள்.

ஈய விலை விழுந்து ஊரே முகம் சுண்டிக் கிடந்த காலம் அது. பக்கத்து லகாட்டில் ஈயம் தோண்டும் குட்டையில் வேலை பார்த்த என் அண்ணன், வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தான். தவுக்கேயும் செலவைக் குறைக்க வழி தேடினார். தோட்டம் பெரிதாக இருந்தால் ஒரு மாத விவரம் ஒரு டிஸ்கெட்டில் அடங்காது. நாலைந்து வரும், அதில் ஒன்று பஸ்ஸின் சூட்டில் வளைந்து வரும், திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டும். இப்படி மாதம் பிறந்தால் ஒரே தலைவலி. ஆஸ்திரேலியாவிலிருந்து தன் தமையன் அனுப்பிய சஞ்சிகையில் கோப்புகளைச் சுருக்கும் முறை பற்றி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுப் புஷ்பம் தவுக்கேயிடம் போய், எல்லாவற்றையும் ஒரே டிஸ்கெட்டில் அடக்கிக் காட்டுகிறேன், மூன்று மாதம் கொடுங்கள் என்றாள். தவுக்கே தலையசைத்துவிட்டார். வெளியே வந்து என்னிடம், "நான் உள்வேலையை எழுதுறன். மெயின் புரோகிராமை நீர் எழுதும்," என்றாள்.

இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது. அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டிக் குறியும், எப்போதாவது வரும் எழுத்துக்கு நீளக் குறியும் கொடுத்தால் மொத்தத்தில் கோப்பு சிறுத்துவிடும். தோட்டத்துக் கோப்பில் வெற்றிடமும் பூச்சியமும்தான் நிறைய, ஆகவே நன்றாகவே சிறுக்கும். எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்று கண்டுபிடிக்க அவள் ஒரு மரம் கட்டினாள். மரம் என்றுதான் அந்தத் தொழிலில் சொல்வார்கள். ஆனால் வேர் மேலே, இலை கீழே. தாளில் அவள் வரைந்து காட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அம்மாவைக் கூட்டிவந்து இதில் எங்கே வெட்டுவது என்று கேட்கலாம் என்றேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் மெயின் புரோகிராமில் கணக்கு எதுவும் இல்லை. எல்லாம் பேச்சும் காவலும்தான். கட்டளையின் பெயரோடு, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்ன தட்டினார் என்று பார்க்க வேண்டும். ஒன்றும் தட்டாவிட்டால் எப்படித் தட்டுவது என்று பணிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா, இருந்தாலும் அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வெறுங்கோப்பைக் கொடுத்தால் அவள் மரம் முளைக்காது. டிஸ்கெட்டில் இடம் போதாவிட்டால் அரைகுறையாக எழுதியதைத் துடைத்துவிட்டு நிற்க வேண்டும். எல்லாம் சரியென்றால் அவள் பகுதியைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைக்க வேண்டும். தோட்டத்துக் கிராணிகளை எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு வரி முறைத்தால் பயந்து கம்ப்யூட்டரையே அணைத்துவிடுவார்கள். அதனால் எல்லாச் செய்தியையும் எளிய மலாயில் எழுதினேன். கட்டளைக்கும் நான்தான் பெயர் வைத்தேன். சுருக்க வேண்டுமென்றால் கெச்சில், மலாயில் சின்னது. பழையபடி விரிக்க பெசார், பெரியது. புஷ்பத்துக்குப் பெயர் பிடிக்கவில்லை. சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறது என்றாள். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

பாதி வேலையில் அவள் வட்டம் இன்னும் சுருங்கிவிட்டது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, ஒரு சொல்லைப் பிடித்தால் அடுத்த சொல் தப்பிவிடும். அதற்கப்புறம் நான் வாசித்தேன், அவள் கேட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே போனபின் இருவரும் அந்த மேசையில் உட்கார்ந்து வரிவரியாகப் போவோம். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "வாசியும்," என்பாள். நான் அடைப்புக்குறி, அரைப்புள்ளி எல்லாவற்றையும் சொல்லி வாசிப்பேன். நாற்பது வரிக்கு முன்னால் வாசித்த ஒரு பெயரை நான் இப்போது வேறு மாதிரி எழுதியிருந்தால் கையை உயர்த்துவாள். மரம் முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது. நான் அதைத் திரையில் ஏற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நாங்கள் சண்டை போட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு. சுருக்கி முடித்ததும் பழைய கோப்பை அழிப்பது என் மெயினின் கடைசி வேலை. அழிக்கும் முன், சுருக்கியதைத் திரும்ப விரித்து, பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அப்படியென்றால் நேரம் இரட்டிப்பாகும், திரை அசையாமல் நிற்கும், கிராணி பொறுக்க மாட்டார் என்றேன். "அது ஒருத்தன்ர ஒரு மாச வேர்வை. அழிக்கிறதுக்கு முந்தி ஒருக்காப் பார்த்தா என்ன குறைஞ்சிடும்?" என்றாள். கோபத்தில் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினேன். ஒப்பிடும்போது திரையில் புள்ளி புள்ளியாக ஓடவிட்டேன், கிராணி பொறுமையாக இருப்பதற்கு. முடிந்ததும் ஒரு பீப் சத்தம், தப்பென்றால் இரண்டு. சத்தமும் கிராணிக்குத்தான் என்று தவுக்கேயிடம் சொன்னேன். உண்மையில் அது அவளுக்கு. முதல் தடவை அந்த ஒற்றைச் சத்தம் கேட்டபோது அவள் என் பக்கம் திரும்பினாள், ஆனால் நான் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

சிலிம் ரிவர் அருகே ஒரு தோட்டத்தில் செய்து காட்டத் தவுக்கே எங்களைக் காரில் கூட்டிப் போனார். நான் பிறந்த தோட்டம் இல்லை. ஆனால் ஆபீஸ் அச்சு அசலாக அதேபோல. சிவப்புத் தகரக் கூரை, வெள்ளைச் சுவர், பக்கச் சுவரில் கம்பி ஜன்னல். சம்பள நாளில் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பார். முன் வாசலால் நான் உள்ளே போனது அன்றுதான். பெரிய கிராணி எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதன் நுனியில் உட்கார்ந்தேன்.

தோட்டத்து மேனேஜர் வந்தார். அந்தக் காலத்திலும் அவரைத் துரை என்றே சொன்னார்கள். புஷ்பத்தை அறிமுகப்படுத்தியதும் அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இடுப்பு உயரத்தில் நீண்ட அந்தக் கை அவள் வட்டத்துக்குள் வரவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்து மரியாதையாகப் பேசிக்கொண்டே இருந்தாள். கை அப்படியே நின்றது. அவர் முகம் மாறத் தொடங்கியது. நான் யோசிக்கவே இல்லை. எட்டி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். துரை கையைக் குலுக்கினேன் என்று பிறகு சொன்னபோது அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஆனால் தவுக்கே எல்லாவற்றையும் கவனித்திருந்தார். அவர் கண் அதற்கப்புறம் புஷ்பத்தைவிட்டு விலகவில்லை.

செய்து காட்டியது நன்றாகவே நடந்தது. பெரிய கிராணியே தன் விரலால் கெச்சில் என்று தட்டினார். புள்ளிகள் ஓடின. ஒரு சத்தம். ஐந்து டிஸ்கெட் விவரம் ஒன்றில் அடங்கியது. பெசார் தட்டி விரித்து, ஒரு எழுத்துக் குறையாமல் திரும்பி வந்ததைப் பார்த்துச் சின்னப் பையன்போலச் சிரித்தார். தேநீர் வந்தது. புறப்படும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தவுக்கே வெளியிலிருந்து கூப்பிட்டார் என்று அவள் எனக்குக் காத்திராமல் எழுந்து போனாள். ஆபீஸ் வாசலுக்கும் காருக்கும் நடுவே ஒரு சிமெண்டுக் கால்வாய். அதன்மேல் ஒரு பலகை. அவள் பலகைக்கு அரையடி பக்கத்தில் காலை வைத்தாள்.

மணிக்கட்டு முறிந்தது. நெற்றியில் தையல். சிலிம் ரிவர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் ரயிலில் அவள் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அதற்குள் டாக்டர் கண்ணைச் சோதித்துவிட்டார், எல்லாம் வெளியே வந்துவிட்டது. அந்த அம்மாவை நான் முன்பு ஒரே முறை அவர்கள் வீட்டில் பார்த்திருந்தேன். எந்தத் தோட்டம் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டவர். இப்போது தாழ்வாரத்தில் என் எதிரே வந்து நின்றார்.

"பிள்ளை, உமக்கு இது எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ஒரு வருசமாத் தெரியும்மா."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எனக்குச் சொல்லேல்லை," என்றார். "உமக்குச் சொல்லியிருக்கிறாள்." அவ்வளவுதான். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். கட்டிலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார்.

"இஞ்ச இருந்தா அம்மா தெரியுதோ?"

"கொஞ்சம் இந்தப் பக்கம், அம்மா," என்றாள் புஷ்பம்.

நாற்காலியை இழுத்தார். "இப்ப?"

"இப்ப தெரியுது. உங்கட பொட்டுத் தெரியுது."

அந்த அம்மா அதற்கப்புறம் அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. டாக்டர் வந்தபோதுகூடத் தலையை மட்டும்தான் திருப்பினார்.

கை குணமாகி அவள் ஆபீஸுக்கு வந்தாள். தவுக்கே கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவரே கட்டினார். ஆனால் அந்த வருடம் ஆட்குறைப்பு வந்தது. நான் அவர் அறைக்குப் போய், அவள் யோசிப்பாள், நான் வாசிப்பேன், வேலை நடக்கும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் வாதாடினேன். நான் வேகமாகப் பேசுகிறேன் என்று அவர் கையமர்த்தினார். வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டு, "டுவா ஓராங், சத்து கெர்ஜா," என்றார். இரண்டு ஆள், ஒரு வேலை. அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

புஷ்பத்திடம் வந்து சொன்னேன். "அவர் சொல்றது பிழையில்லை," என்றாள். மேசை இழுப்பறையிலிருந்து தன் சாமான்களைத் தடவித் தடவி எடுத்துப் பையில் போட்டாள். கல்யாணப் பேச்சும் அதே மாதத்தில் நின்றுபோனது. அதற்கு அவள் அழவில்லை. ஆபீஸ் படி இறங்கும்போதுதான் அழுதாள். காப்பி வறுக்கும் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று அந்தக் கடை மூடியிருந்தது.

தமையன் அவளை மெல்பர்னுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். ஈப்போ ரயில் நிலையத்தில் வழியனுப்பப் போனேன். ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கொண்டுபோயிருந்தேன். இந்த முறை அவளுக்கு நேர் முன்னால், கண் மட்டத்தில் நீட்டினேன். "என்ன இது முகத்துக்குள்ள," என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள். பழைய விஷயத்தை அப்போதும் நான் சொல்லவில்லை. வண்டி நகர்ந்தபோது அவள் ஜன்னலில் கையசைத்தாள். நான் அந்த ஜன்னலோடு கொஞ்ச தூரம் ஓடினேன். அவள் கை அசைத்த பக்கத்தில் நான் இல்லை.

கடிதம் எழுத முடியாது என்பதால் கேசட் அனுப்புவாள். இங்கிருந்து நானும் பேசிப் பதிந்து அனுப்புவேன். எங்கள் வீட்டில் சேவல் கூவுவதும் அண்ணன் மோட்டார் சைக்கிள் கிளப்புவதும் அதில் கூடவே போகும். ஒரு கேசட்டில் அவள் திடீரென்று, "இதைக் கேளும்," என்று சொல்லிவிட்டு என் மெயின் புரோகிராமை முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தாள். அவள் எழுதிய உள்வேலையை அல்ல, என்னுடையதை. அடைப்புக்குறியோடு, அரைப்புள்ளியோடு, கிராணிகளுக்காக நான் எழுதிய மலாய் வரிகளோடு, கடைசியில் பழையதை அழிக்கும் வரி வரை. இரவில் நித்திரை வராவிட்டால் சொல்லிப் பார்ப்பேன் என்றாள். நான் எழுதிய எதையும் ஒருவர் மனப்பாடம் செய்தது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அந்தக் கேசட்டை எத்தனையோ தடவை போட்டுக் கேட்டேன். ஈப்போவின் ஈரத்தில் நாடா பூஞ்சை பிடித்து, கடைசியில் இயந்திரத்தில் சிக்கி அறுந்தது.

அங்கே அவள் ஓர் ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைக்கும் வேலைக்குப் போனாள். நிரல் எழுதும் வேலை அவளுக்கு மறுபடி கிடைக்கவில்லை. பார்வை முழுவதும் போய்விட்டது. ஆஸ்பத்திரியின் அத்தனை எண்ணும் தலையில் இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள். இங்கே கெச்சில் இன்னும் சில வருடம் ஓடியது. பிறகு கம்ப்யூட்டர்களில் இடம் பெருகிப்போய் யாருக்கும் எதையும் சுருக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்றுப் போயின. எனக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, ஆபீஸும் மூடினார்கள். கேசட்டுக் காலம் போய்ப் போன் காலம் வந்தது. அவள்தான் கூப்பிடுவாள். நான் கூப்பிட்டால் காசாகும், வையும் என்பாள். சில சமயம் மாதக்கணக்கில் வராது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேற்றுப் பேசி விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுபோலத் தொடங்குவாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், அவளிடமிருந்து ஒரு வருடமாகப் போன் வராமல் இருந்த சமயத்தில், வெள்ளைத்தலையோடு ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். புந்தோங் கோவிலில் விசாரித்து, கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்த்த அம்மா எந்த வீடு என்று கேட்டுக்கேட்டு வந்திருக்கிறார். புஷ்பத்தின் தமையன். ஒரு கல்யாணத்துக்காக ஈப்போ வந்தவர். கூடத்தில் உட்காரவைத்தேன். தண்ணீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தங்கச்சி போன தீபாவளிக்கு முன்னமே தவறிவிட்டா என்றார். காய்ச்சல் என்று படுத்தவள், ஒரு வாரத்தில். உங்களுக்குச் சொல்ல வழி தெரியவில்லை, உங்கட எண்ணை அவ ஒரு இடத்திலும் எழுதி வைக்கவில்லை, எல்லாருடைய எண்ணும் தலையிலதான் வைத்திருந்தவ என்றார். என்னிடம் ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். நான்தான் அவரைத் தேற்றினேன்.

அவர் போனபின் வெகுநேரம் கூடத்திலேயே இருந்தேன். அழுகை உடனே வரவில்லை. அவள் கூப்பிட்டால் சொல்ல வேண்டும் என்று அந்த ஒரு வருடமாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தவுக்கே இறந்துவிட்டார், மார்க்கெட்டில் என்னைக் கடைசியாகப் பார்த்தபோதும் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ஆபீஸ் மாடியில் இப்போது சுற்றுப்பயணிகள் தங்குகிறார்கள், சுவரில் ஏதோ படம் வரைந்திருக்கிறார்கள். சிலிம் ரிவரில் அந்தத் தோட்டத்து ஆபீஸை இடித்துவிட்டார்கள், ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எண்ணெய்க்காக நட்ட செம்பனைதான், லயத்து ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. லகாட்டில் அண்ணன் வேலை செய்த ஈயக் குட்டையில் மீன் வளர்க்கிறார்கள். ரயில்வே குடியிருப்பில் புஷ்பத்தின் வீடு இருந்த வரிசையே காணவில்லை. இதில் ஒவ்வொன்றையும் பார்த்தபோது, அக்கா கூப்பிட்டால் இதைச் சொல்லணும் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன். அப்படி நினைத்த ஒரு நாளில்கூட அவள் உயிரோடு இல்லை.